ஒயர் மாமா

உக்காருங்க அம்மிணி. நின்னுக்கிட்டே இருந்தா மட்டும் சார்ஜ் வேகமா ஏறிடப் போகுதா என்ன? அந்தப் பக்கத்துச் சார்ஜர் கன்னைப் பாக்காதீங்க, அது வேலை செய்யாது. ரொம்ப நாளா அப்படியேதான் தொங்குதுன்னு வாட்ச்மேன் சொல்றார். இருக்கறது இது ஒண்ணுதான், அது இப்ப என் வண்டியில மாட்டியிருக்கு. அம்பத்தெட்டு பர்சென்ட் காட்டுது பாருங்க. நூறு ஆனதும் கழட்டிக் கொடுத்துடறேன். உங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லையே? இல்லைன்னுதானே தலையாட்டறீங்க? அப்பச் சரி.

கார்ல இருக்கறது அம்மாவா? உள்ள போயி ஒரு காபி குடிக்கச் சொல்லுங்க. நான் குடிக்கல. இந்த நாலுவழிச் சாலை ஓட்டல்ல ஒரு காபிக்கு வாங்கற காசுல என் வண்டி கரூர் போயிட்டே வந்துடும்.

நான் கோபிங்க. கோபிச்செட்டிபாளையம். அங்க பாத்திரக்கடை வெச்சிருக்கேன். பேரு சென்னியப்பன். இன்னைக்கு என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. திண்டுக்கல் தாண்டி, மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வம் கோயில்ல. குழந்தைக்கு நான்தான் தாய்மாமன். கூடப் பொறந்தவன்னு என் தங்கச்சிக்கு நான் ஒருத்தன்தான். என் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தணும். பத்தரைக்குள்ள முகூர்த்தம். நேரத்துக்கு நான் போகலைன்னா மாப்பிள்ளையோட தம்பி மடியில உக்கார வெச்சுடுவாங்களாம். பூசாரி கண்டிப்பாச் சொல்லிட்டாராம். சித்தப்பன் மடியில! கேட்டிருக்கீங்களா எங்கயாவது? அப்புறம் நான் எந்த விசேஷத்துல போயி நிக்கறது? இவன் மடி கொடுக்கவே வராதவன்னு சொல்லிச் சிரிக்க மாட்டாங்களா?

போயிடலாம், போயிடலாம். இங்கிருந்து ஒரு மணி நேரம்தான்.

சம்சாரமா? அவ நேத்தே சீர்த்தட்டோட பஸ்ல போயிட்டா. வீட்டுல கார் நிக்குது, பஸ்ல போறா பாருங்க. "உங்க கார்ல ஏசி போட விடமாட்டீங்க, ஜன்னலைத் திறந்தா காத்து எதிர்க்குதும்பீங்க, நான் வேர்த்து ஊத்திக்கிட்டுப் பட்டுச்சேலையில வந்து இறங்கணுமா?"ன்னு கேக்கறா. ஏசி போட்டா சார்ஜ் இறங்குதுங்க. ஜன்னலைத் திறந்து வேகமாப் போனாலும் இறங்குது. அதுக்கு நான் என்ன பண்றது? வேர்வை இறங்கினா பரவால்ல, தொடைச்சுக்கலாம்.

நீங்களும் கரண்டு வண்டி புதுசாத்தான் வாங்கியிருக்கீங்க போல. நம்பர் பிளேட்டைப் பாத்தாலே தெரியுது. நல்ல முடிவு. நான் வாங்கி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. முன்னாடி பெட்ரோல் வண்டி. பங்க்ல அந்த மீட்டர் ஓடும் பாருங்க, எனக்கு அது நெஞ்சுக்குள்ள ஓடற மாதிரி இருக்கும். ஷோரூம்ல இருந்த தம்பி ஒரே வார்த்தைதான் சொன்னான்: "சார், இதுல ஓட்டற செலவுன்னு ஒண்ணுமே இல்ல சார்." அந்த இடத்துலயே விழுந்துட்டேன். ஆயில் மாத்தற வேலை இல்ல, பில்டர் இல்ல, புகை இல்ல, சத்தம் இல்ல. வண்டி விலை கொஞ்சம் கூடத்தான். இன்சூரன்ஸும் கூட. டயர் கொஞ்சம் சீக்கிரம் தேயுது. ஆனா அதெல்லாம் ஓட்டற செலவுல வராதுங்க. நான் அதைக் கணக்குலயே சேக்கறதில்ல.

ஒரே ஒரு சிக்கல். வீட்டுக் கரண்டு பில்லு.

உங்க வீட்டுல யாரு கட்டறது, அப்பாவா? அப்ப உங்களுக்குத் தெரியாது. ரெண்டு மாசத்துக்கு ஐந்நூறு யூனிட் வரைக்கும் ஒரு கணக்கு. ஒரு யூனிட், ஒரே ஒரு யூனிட் தாண்டினாப் போதும், அடியில இருந்தே வேற கணக்குக்குப் போயிடும். வண்டி வாங்கின பின்னாடி வந்த மொதல் பில்லே ஐந்நூறைத் தாண்டிடுச்சு. மீட்டர் பாக்க வந்தவரை உக்கார வெச்சு, மோர் கொடுத்து, "நல்லாப் பாருங்க, தலைகீழாப் படிச்சிருக்கப் போறீங்க"ன்னு மறுபடி படிக்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான். மோரு வீண்.

வேற ஆளா இருந்தா வண்டியை வித்திருப்பான். நான் ரெண்டு நாள் யோசிச்சேன். நமக்கென்ன சொந்தபந்தம் இல்லாமலா போச்சு? ஒரு வீட்டுக்குப் போனா காபி கொடுக்கறாங்க, சோறு போடறாங்க, இருந்துட்டுப் போங்கன்னு பாய் விரிக்கறாங்க. ஒரு பிளக் பாயிண்ட் கொடுக்க மாட்டாங்களா? அதுவும் நான் வெறுங்கையோட போறவன் இல்ல. போற வீட்டுக்கெல்லாம் கடையில இருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் கொண்டு போவேன், அவங்க பேரையே வெட்டி. என் தங்கச்சி வீட்டுல இப்ப ஒரு கல்யாணத்துக்குப் பந்தி வைக்கற அளவுக்கு டம்ளர் இருக்கு.

பின் சீட்டுல மஞ்சளாச் சுருட்டி வெச்சிருக்கு பாருங்க, அந்த ஒயர், அது தனியாச் சொல்லிச் செஞ்சது. தடிமனா இருக்கும், சூடாகாது. எந்த வீடா இருந்தாலும் வாசல்ல இருந்து கிரைண்டர் போடற பாயிண்ட் வரைக்கும் எட்டும். மாடி வீடுன்னாலும் ஜன்னல் வழியா எட்டும்.

உண்மையைச் சொன்னா, கார் வாங்கின பின்னாடிதான் உறவோட அருமையே எனக்குப் புரிஞ்சது. முன்னாடியெல்லாம் பொங்கலுக்குப் பாத்தா அடுத்தது தீபாவளிக்கு. இப்ப வாரத்துக்கு ரெண்டு வீடு. "நீங்க இவ்வளவு பாசக்காரர்னு இத்தனை நாளாத் தெரியாமப் போச்சுங்க"ன்னு எங்க சின்ன மாமனார் வாயாலயே சொன்னார்.

காங்கேயத்துல பெரியம்மா மக இருக்கா. எனக்கு மூத்தவ, அக்கா முறை. ஒரு நாள் நான் இந்தப் பக்கம் கார் போட்டிருக்கேன், அது தெரியாம அவ அந்தப் பக்கம் கிரைண்டரைப் போட்டுட்டா. டப்புனு ஒரு சத்தம். வீடே இருட்டு. அடுத்த நாள் அந்த வீட்டுல எல்லாருக்கும் உப்புமா. எனக்கு உப்புமா பிடிக்கும், அதனால ஒண்ணும் தெரியல. அதுக்கடுத்த தடவை போனேன், வீடு பூட்டியிருக்கு. உள்ள டிவி ஓடற சத்தம் மட்டும் கேக்குது. மறந்துட்டுப் போயிட்டாங்க போலன்னு வாசல்ல நின்னே போன் போட்டேன். "அக்கா, உள்ள டிவி ஓடுதே, கரண்டு வீணாகுமே"ன்னேன். "ஐயோ தம்பி, நாங்க கோயமுத்தூர்ல இருக்கமே"ங்கறா. சொல்லி வாய் மூடல, உள்ள சத்தம் நின்னுடுச்சு. எங்க இருந்தாலும் போன்லயே ஆஃப் பண்ற டிவியெல்லாம் வந்துடுச்சுங்க இப்ப. நமக்குத்தான் ஒண்ணும் தெரியறதில்ல.

அறுபத்தொன்பது. ஏறுது, ஏறுது.

ஆனா மத்தவங்க வீடெல்லாம் சும்மா. என் தங்கச்சி கோகிலா வீடு மாதிரி வராது. பெருந்துறையில இருக்கா. போர்ட்டிகோவுலயே பாயிண்ட், வண்டியை நிறுத்தி அப்படியே மாட்டிக்கலாம். வாரா வாரம் சனிக்கிழமை சாயங்காலம் போயிடுவேன், ஞாயித்துக்கிழமை சாப்பிட்டுட்டுத்தான் கிளம்பறது. "அங்க ஏத்தறதுல கொஞ்சம் போக வரவே தீந்துடுதே, இதுக்கு ஒரு நாளை வேற கெடுத்துக்கறீங்களே"ன்னு சம்சாரம் கேப்பா. அவளுக்குப் பொறாமை. அண்ணன் தங்கச்சி பாசம் அவளுக்கு எப்படிப் புரியும்? அவளுக்குக் கூடப் பொறந்தவங்க இல்ல.

அந்தக் குழந்தை இருக்கே, இன்னைக்குக் காது குத்திக்கப் போறவ, மகிழினி. மூணு வயசு. என் கார் தெருமுனையில திரும்பினாப் போதும், "ஒயர் மாமா! ஒயர் மாமா!"ன்னு கத்திக்கிட்டு ஓடி வரும். எனக்கு அது வெச்ச பேரு. ஒயரோட ஒரு முனையை அது பிடிச்சுக்கும், ஒரு முனையை நான். ரெண்டு பேரும் ரயில் ஓட்டற மாதிரி உள்ள போவோம். பிளக்கை நான் மாட்டினதும் அது கை தட்டும். மாப்பிள்ளை பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, "வாங்க மச்சான்"ம்பார். நல்லசிவம்னு பேரு. பேருக்கேத்த மாதிரி நல்ல மனுஷன். அதிர்ந்து பேச மாட்டார்.

ஒரு தடவை அவர் கரண்டு பில்லைக் கொண்டு வந்து என் முன்னாடி வெச்சார். "மச்சான், இதைக் கொஞ்சம் பாருங்க. ஆறு மாசமா இப்படித்தான் வருது"ன்னார். கண்ணாடியைப் போட்டுப் பாத்தேன். ஐந்நூறைத் தாண்டி எங்கயோ போயிருக்கு. பில்லு விஷயத்துல நான் கொஞ்சம் அனுபவசாலிங்கறதால என்கிட்டக் காட்டியிருக்கார். சும்மா விட முடியுமா? வீடு பூராச் சுத்திப் பாத்தேன். ஃபேன் சரி, மோட்டார் சரி. ஃபிரிட்ஜ் கதவுல ஒரு காகிதத்தை வெச்சு மூடி இழுத்துப் பாத்தேன், சரக்குனு வந்துடுச்சு. "பாத்தீங்களா மாப்பிள்ளை, ரப்பர் போயிடுச்சு! ராப்பகலா உங்க காசைக் குடிக்கறது இந்த ஃபிரிட்ஜ்தான்"ன்னேன்.

அவர் ஃபிரிட்ஜைப் பாத்தார். வாசப்பக்கம் போற ஒயரைப் பாத்தார். மறுபடியும் ஃபிரிட்ஜைப் பாத்தார். "அப்படிங்களா மச்சான்"ன்னார். கோகிலா எதுக்கோ அடுப்படிக்குள்ள போயிட்டா.

நான் விடல. நமக்குத் தெரிஞ்ச கடையிலயே சொல்லி, புது ஃபிரிட்ஜ் எடுக்க வெச்சேன். பழசைக் காயலான் கடைக்குப் போடறேன்னாங்க. பாவம், நல்ல சாமான், ஏன் வீணாக்கணும்னு நானே வண்டி வெச்சு எடுத்துட்டு வந்து கடையில போட்டுட்டேன். வர்றவங்களுக்கு மோர் கொடுக்க ஆகும்ல? அதுல என்ன அதிசயம்னா அம்மிணி, நம்ம கடைக்கு வந்ததும் அந்த ஃபிரிட்ஜ் அப்படியே திருந்திடுச்சு. கடை பில்லுல வித்தியாசமே தெரியல. நம்ம கைராசி அப்படி. அங்க என்னடான்னா புது ஃபிரிட்ஜ் வந்தும் பில்லு குறையலையாம். அப்ப ஏசியாத்தான் இருக்கும், பாருங்கன்னு சொல்லியிருக்கேன்.

இப்ப இந்தக் காதுகுத்தையே எடுத்துக்குங்க. அவங்க மூத்த பையனுக்குப் பெருந்துறையில வீட்டு வாசல்லயே பந்தல் போட்டுத்தான் குத்தினாங்க. இவளுக்கு மட்டும் கோயில்லயாம். அந்தக் கோயில் எங்க இருக்குங்கறீங்க? சுத்தி முள்ளுக்காடு. ஒரு வேப்பமரம், ஒரு மேடை, அவ்வளவுதான். லைட்டுக் கம்பமே கிடையாது. "ஏன் மாப்பிள்ளை, வீட்டுல வசதி இருக்கறப்ப அங்க எதுக்கு?"ன்னேன். "வேண்டுதல்ங்க மச்சான்"ன்னார். அப்புறம் அவரே, "அங்க கரண்டு கிடையாதுங்க மச்சான்"ன்னார். கிளம்பறப்ப வாசல் வரைக்கும் வந்து, "கரண்டு கிடையாதுங்க, ஞாபகம் வெச்சுக்குங்க"ன்னு மறுபடி சொன்னார். என் மேல எவ்வளவு அக்கறை பாருங்க. வழியில நான் நின்னுடக் கூடாதேன்னு அவருக்குக் கவலை.

அதனாலதான் நேத்தே கிளம்பிக் கரூர்ல பெரியப்பா பையன் வீட்டுல தங்கினேன். ராத்திரி பூரா சார்ஜ் போட்டுட்டு, காலையில முழுசா ஏறினதும் நேரா கோயிலுக்கு. இதான் திட்டம். போயி ஒயரை எடுக்கறேன், "அடடா தம்பி, அந்தப் பாயிண்ட் எரிஞ்சு போச்சே"ங்கறான் அண்ணன். என்ன பண்றது, நம்ம நேரம். காலையில பாத்தா அண்ணி அதே பாயிண்ட்டுல இஸ்திரிப் பெட்டியை மாட்டித் தேய்ச்சுக்கிட்டு இருக்கா. "அண்ணி, இது எரிஞ்ச பாயிண்ட்டாச்சே!"ன்னேன். அண்ணன் சட்டையைத் தேய்க்காமலே மாட்டிக்கிட்டு, கடைக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டான். எனக்கென்னமோ அவங்களுக்குள்ள ஏதோ சண்டைன்னு தோணுச்சு. நான் தலையிடல. டம்ளரை மேஜை மேல வெச்சுட்டு வந்துட்டேன்.

அப்படித்தான் காசு கொடுத்துச் சார்ஜ் போட இங்க வந்து நிக்கறேன். வாங்கினதுல இருந்து இதான் மொதல் தடவை.

இருங்க, போன். சம்சாரம்.

சொல்லு. சார்ஜ்ல இருக்கு... நான் இல்லடி, கார். எழுபத்தெட்டு... அதெப்படி எண்பதோட எடுக்கறது? வந்து சேர எண்பது போதும்தான், ஆனா திரும்பி வர்றப்ப எவன் பாயிண்ட் கொடுப்பான்? நூறு ஆனாத்தான் வீடு வரைக்கும் நிக்காமப் போகலாம்... அவன் எதுக்கு இப்பவே மேடையில உக்காந்திருக்கான்? எந்திரிக்கச் சொல்லு அவனை! தாய்மாமன் நான் உயிரோட இருக்கேன்னு சொல்லு!

பாத்தீங்களா, மாப்பிள்ளையோட தம்பி இப்பவே புது வேட்டி கட்டி மேடையில உக்காந்துட்டானாம். அவனுக்கு அவ்வளவு ஆசை.

எண்பது ஆயிடுச்சு. இனிமே மெதுவாத்தான் ஏறும். பேட்டரியோட குணம் அது. பசியோட வந்தவன் மொதல்ல அள்ளிச் சாப்பிடுவான், அப்புறம் ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கிட்டு உக்காந்திருப்பான் இல்ல, அந்த மாதிரி. எண்பதுல கழட்டிடுங்கன்னு அங்க போர்டு எழுதிப் போட்டிருக்காங்க, படிச்சீங்களா? அடுத்தவங்க காத்திருந்தாத்தான் அது. உங்களுக்குத்தான் அவசரம் இல்லையே. அம்மா எதுக்கு ஹாரன் அடிக்கறாங்க? கை பட்டுடுச்சா?

மறுபடியும் போன். இது கோகிலா.

சொல்லும்மா... கிளம்பிட்டே இருக்கேன்... நூறு ஆகாம எப்படிம்மா, அங்கதான் கரண்டே இல்லையே... என்னது? யாரு, மாப்பிள்ளையா?... சரி... பாப்பா எதுக்கு அழுகுது?... சரிம்மா. சரி. வெச்சுடு.

...

ஒண்ணுமில்லைங்க அம்மிணி. நல்ல விஷயம்தான். மைக்செட்டுக்கு ஜெனரேட்டர் எடுத்தாங்களாம். சின்னதே போதுமாம். மாப்பிள்ளைதான், "பெருசா எடுங்க, மச்சான் கார் வரும்"னாராம். மேடைக்குப் பக்கத்துலயே எனக்குன்னு தனியா ஒரு பாயிண்ட் இழுத்து வெச்சிருக்காராம். நீங்க சார்ஜுக்காக வழியில நிக்காதீங்கண்ணா, வந்து சேருங்க போதும்ங்கறா. குழந்தை சித்தப்பன் மடியில உக்கார மாட்டேங்குதாம். ஒயர் மாமா மடிதான் வேணும்னு மொட்டைத்தலையோட அழுதுக்கிட்டு நிக்குதாம்.

ரெண்டு கேன் டீசல் எனக்குன்னே கூட வாங்கி வெச்சிருக்காராம்.

டீசலுங்க அம்மிணி. என் காருக்கு டீசல்.

கரண்டுன்னா சுவத்துக்குள்ள வருது, சுவத்துக்குள்ள போகுது, நமக்கு ஒண்ணும் தெரியறதில்ல. டீசல்னா அப்படி இல்லையே. பங்க்குக்குப் போகணும். அந்த மீட்டர் ஓடறதைப் பாத்துக்கிட்டு நிக்கணும். கேனைத் தூக்கிட்டு அந்த முள்ளுக்காட்டுக்குள்ள நடக்கணும். மாப்பிள்ளை பட்டுவேட்டி கட்டியிருப்பார் இன்னைக்கு.

அந்தப் பழைய ஃபிரிட்ஜ் நம்ம கடையில நல்லாத்தான் ஓடுதுங்க. மோர் ஜில்லுன்னு இருக்கு.

ரப்பர் கூட நான் மாத்தல.

எவ்வளவு ஆச்சு? எண்பத்து மூணு. போதும். இந்தாங்க, கன்னைப் பிடிங்க. கனமா இருக்கும், ரெண்டு கையாலப் பிடிங்க. உங்க வண்டியைக் கொண்டு வந்து மாட்டிக்குங்க. அம்மாகிட்டச் சொல்லுங்க, பாவம், ரொம்ப நேரமாக் காத்திருக்காங்க. நீங்க எங்க போறீங்கன்னு கூட நான் கேக்கல பாருங்க. பேச விட்டாத்தானே நீங்க சொல்றதுக்கு?

ஒரு உதவி பண்ணுங்க அம்மிணி. நான் திரும்பி வர சாயங்காலம் ஆகும். பின் சீட்டுல இருக்கற அந்த மஞ்சள் ஒயரை எடுத்துத் தர்றேன், வாட்ச்மேன்கிட்டக் கொடுத்து வெக்கச் சொல்லுங்க. அவர் ஓட்டலுக்குள்ள டீ குடிக்கப் போயிருக்கார். எனக்கு நேரமில்ல, ஒரு மணி நேரத்துல அங்க இருக்கணும். அது இல்லாமப் போனா குழந்தை என்ன சொல்லிக் கூப்பிடும்னு தெரியல. பரவால்ல. மாமான்னு கூப்பிடட்டும்.

பத்திரமா உள்ள வெக்கச் சொல்லுங்க அம்மிணி. வெளிய போட்டா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான். அத்தனையும் அசல் காப்பர்.